செகண்ட் ஹேண்டுன்னா அப்படித்தான் இருக்குமா?

போன ஞாயித்துக்கிழமை என் காரை விக்கறதுக்காக ஒரு புரோக்கரை வீட்டுக்கு வரச் சொல்லியிருந்தேன். மனுஷன் வந்தார், பானட்டைத் தூக்கிப் பார்த்தார், வண்டியை ஒரு சுத்து சுத்தி வந்தார், டயரை ஒரு உதை விட்டார் (எதுக்குய்யா எல்லாரும் டயரை உதைக்கிறீங்க? அதுல அப்படி என்னதான் தெரியும்?). 2,35,000 ரூபாய்னு ஒரு வெலை சொன்னார். நல்ல வெலைதான். நான் வாயை மூடிட்டு இருந்திருக்கலாம். சனி நாக்குல உக்காந்துக்கிச்சு.

"அண்ணே, மீட்டர்ல 84 ஆயிரம் காட்டுது பாருங்க, அது நிஜமில்லை. எனக்கு முன்னாடி யாரோ குறைச்சிருக்காங்க" அப்படின்னு சொன்னேன்.

அவர் என்னை ஏற இறங்கப் பார்த்துட்டு சொன்ன பதில் இது: "தம்பி, அதை நீங்களா எதுக்குச் சொல்றீங்க? நீங்களா குறைச்சீங்க? செகண்ட் ஹேண்டுன்னா அப்படித்தான் இருக்கும். வாங்குறவனுக்கும் தெரியும்."

இந்தக் கடைசி வரி இருக்கே, அதுக்காகத்தான் இந்தப் பதிவு. மூணு வருஷமா இதை எத்தனை பேர் வாயால கேட்டுட்டேன்! வித்தவர் சொன்னார், மெக்கானிக் சொன்னார், மாமா சொன்னார், ஆபீஸ்ல பக்கத்து சீட்ல பொட்டி தட்டுறவன் சொன்னான். இந்த நாட்டுல பழைய கார் வியாபாரத்துல நடக்கிற அத்தனை திருட்டுத்தனத்துக்கும், அத்தனை சோம்பேறித்தனத்துக்கும் போர்வை இந்த ஒரு வாக்கியம்தான். இது பச்சைப் பொய். ஏன் பொய்னு சொல்றேன், கொஞ்சம் பொறுமையா கேளுங்க. நீளமான பதிவு, டீ வாங்கிட்டு வந்து உக்காருங்க.

வண்டி வந்த கதை

2022 ஜூலையில அப்பாவுக்கு பைபாஸ் ஆபரேஷன். வீடு திண்டுக்கல், ஆஸ்பத்திரி மதுரை. மாசம் ஒரு தடவை செக்கப். அறுபத்து சொச்சம் கிலோமீட்டர் பஸ்ல கூட்டிட்டுப் போக முடியாது, ஒவ்வொரு தடவையும் டாக்ஸியும் கட்டுப்படியாகாது. நான் சென்னையில ஆணி புடுங்கிட்டு இருக்கேன். படிப்புக் கடன் அப்பத்தான் முடிஞ்சிருந்தது, ஆஸ்பத்திரி பில்லுல சேமிப்பும் முடிஞ்சிருந்தது. புதுக் கார் நினைச்சுக் கூடப் பார்க்க முடியாத நேரம்.

ஆகஸ்ட்ல ஒரு டீலர்கிட்ட 2013 மாடல் பெட்ரோல் செடான் ஒண்ணு வாங்கினேன். கம்பெனி பேர் சொல்ல மாட்டேன், டீலர் பேரும் சொல்ல மாட்டேன். பின்னூட்டத்துல கேட்டாலும் வராது :-) வெலை 3,10,000. மீட்டர் 58,400. "செகண்ட் ஓனர், ஃபேமிலி யூஸ், ஓட்டம் கம்மி, சிங்கிள் ஹேண்ட்." இந்த நாலையும் மந்திரம் மாதிரி சொன்னார். சர்வீஸ் புக் எங்கேன்னு கேட்டேன். "வீடு மாத்துறப்ப தொலைஞ்சிடுச்சாம் சார்"னார். நான் நம்பினேன். எலெக்ட்ரானிக்ஸ் அண்டு கம்யூனிகேஷன் இன்ஜினியரிங், எழுபத்தெட்டு பர்சன்ட், டிஸ்டிங்ஷன். என்ன பிரயோஜனம்?

வண்டி நல்லாத்தான் ஓடிச்சு, அதையும் சொல்லணும். ஒரு நாள் கூட காலையில ஸ்டார்ட் ஆகாம மக்கர் பண்ணினதில்லை. கியர் வெண்ணெய் மாதிரி விழும். ஏசி அஞ்சு நிமிஷத்துல குளிர வெச்சிடும். அதே வண்டியில பின்பக்க ஜன்னல் கண்ணாடி தனக்குத் தோணினாத்தான் ஏறும். ஏ.பி.எஸ். லைட்டு எரியும், அணையும், திரும்ப எரியும். மைலேஜ் லிட்டருக்கு பத்தைத் தாண்டாது. எனக்குள்ள ஏதோ உறுத்தும். ஊர்ல ஒரு மெக்கானிக்கிட்ட காட்டினேன். "பழைய வண்டி தம்பி, அப்படித்தான் இருக்கும்." சரி, அப்படித்தான் இருக்கும் போலன்னு விட்டுட்டேன்.

வாடிப்பட்டி

2023 மே மாசம், கத்திரி வெயில். செக்கப் முடிஞ்சு மதுரையிலேர்ந்து திரும்பிட்டு இருக்கோம். முன் சீட்ல அப்பா, பின்னாடி அம்மா. சமயநல்லூர் தாண்டுறப்ப டெம்பரேச்சர் முள் பாதிக்கு மேல ஏறுறதைப் பார்த்தேன்.

இங்கதான் ஒரு விஷயத்தை ஒத்துக்கணும். நான் பார்த்தேன். பார்த்துட்டும் நிறுத்தலை. ஏ.பி.எஸ். லைட்டு சும்மா எரியுற வண்டிதானே, இந்த முள்ளும் சும்மா ஏறுதுன்னு நினைச்சேன். பழைய வண்டின்னா அப்படித்தான்னு என் மண்டையிலயும் பதிஞ்சு போயிருந்தது. அடுத்த பத்து பன்னெண்டு கிலோமீட்டர் அப்படியே ஓட்டினேன். வாடிப்பட்டிக்குப் பக்கத்துல பானட்டுக்கு அடியிலேர்ந்து குபுகுபுன்னு ஆவி. வண்டி நின்னுடுச்சு.

நாலுவழிச் சாலையில நிழல் ஏது? சர்வீஸ் ரோட்ல ஒரு டீக்கடை, தகரக் கூரை. பத்து மாசம் முன்னாடி நெஞ்சைப் பிளந்து தச்ச மனுஷன் அந்தத் தகரத்துக்குக் கீழ பெஞ்சுல ரெண்டரை மணி நேரம் உக்காந்திருந்தார். சட்டை முழுக்க வேர்வை. அம்மா துண்டை நனைச்சு நனைச்சு அவர் கழுத்துல போட்டுக்கிட்டே இருந்தாங்க. என்னை ஒரு வார்த்தை திட்டலை. திட்டியிருந்தா நல்லா இருந்திருக்கும்.

டாக்ஸி வந்து அவங்களை அனுப்பி வெச்சுட்டு, நான் ரெக்கவரி வண்டிக்காகக் காத்திருந்தேன். அப்ப மாமா போன்ல: "மாப்ள, அப்பவே சொன்னேன்ல? செகண்ட் ஹேண்டுன்னா அப்படித்தான்."

போஸ்ட் மார்ட்டம்

வண்டியை இந்தத் தடவை பேகம்பூர் பக்கம் ஒர்க் ஷாப் வெச்சிருக்கிற ஒரு பாய்கிட்ட கொண்டு போனேன். அவர் முதல்ல செஞ்ச காரியம், இன்ஜினைத் தொடாம, ரேடியேட்டர் தண்ணியை ஒரு வெள்ளை வாளியில பிடிச்சதுதான். காபி டிகாஷன் கலர்ல வந்துச்சு. "கூலண்டே ஊத்தலை தம்பி. வருஷக் கணக்கா போர் தண்ணி."

கூலண்டுங்கறது வெறும் பச்சைத் தண்ணி இல்லைங்க. அதுல எத்திலீன் கிளைக்கால் இருக்கும், கொதிநிலையை ஏத்தும். துருப்பிடிக்காம இருக்க மருந்து கலந்திருக்கும். எங்க ஊர் போர் தண்ணியில இருக்கிறது உப்பு. அந்த உப்பும் துருவும் சேர்ந்து ரேடியேட்டர் குழாயை அடைச்சிடுச்சு.

அடுத்தது இன்னும் பெருசு. தெர்மோஸ்டாட் இருக்க வேண்டிய இடத்துல தெர்மோஸ்டாட் இல்லை. கவனிங்க, கெட்டுப் போகலை, இல்லவே இல்லை! இன்ஜின் சூடாகுற வரைக்கும் மூடியிருந்து, எண்பது தொண்ணூறு டிகிரி வந்ததும் திறந்து ரேடியேட்டருக்குத் தண்ணியை விடுற சின்ன வால்வு அது. அது மூடினபடியே சிக்கிக்கிட்டா இன்ஜின் கொதிக்கும். புதுசு மாத்துறதுக்குப் பதிலா யாரோ ஒரு புண்ணியவான் அதைக் கழட்டி எறிஞ்சிருக்கார். வால்வு இல்லாததால இன்ஜின் ஒழுங்கா சூடே ஏறலை. இன்ஜின் இன்னும் குளிர்ந்துதான் இருக்குன்னு கம்ப்யூட்டர் நினைச்சு பெட்ரோலை அள்ளி ஊத்தியிருக்கு. லிட்டருக்குப் பத்துன்னு புலம்பினேனே, அது வண்டியோட வயசு இல்லை, கழட்டி எறிஞ்ச ஒரு வால்வு. அதுக்காகும் செலவு சில நூறு ரூபாய்லேர்ந்து ஓரிரு ஆயிரம்.

மூணாவது, மீட்டர். சந்தேகம் வந்து கம்பெனி சர்வீஸ் சென்டர்ல வண்டி நம்பரைக் கொடுத்து ஹிஸ்டரி கேட்டேன். கடைசியா அங்க போனது 2019 பிப்ரவரி. அன்னிக்கு மீட்டர் 96,200. நான் மூணரை வருஷம் கழிச்சு வாங்கினப்ப 58,400. ரிவர்ஸ்லயே ஓட்டியிருப்பாங்க போல, அவ்வ்வ்வ்வ்.

செலவுக் கணக்கு, மறைக்காம: ரேடியேட்டர் 6,800. ஹெட் கேஸ்கெட், லேத்துல ஹெட் ஃபேஸிங், கூலி எல்லாம் சேர்த்து 17,500. வாட்டர் பம்ப், தெர்மோஸ்டாட், டைமிங் பெல்ட் 9,200. ஹோஸும் கூலண்டும் 3,000. ரெக்கவரி வண்டி 3,500. மொத்தம் 40,000. அதே வருஷம் நாலு டயர், பேட்டரி, கிளட்ச் வகையில இன்னொரு 31,000. ஆக முதல் வருஷம் 71,000.

ரெண்டாவது வருஷம்? 19,000. மூணாவது வருஷம் 14,000. மைலேஜ் பதினாலுக்கு வந்துச்சு. அந்த ரெண்டு வருஷமும் வண்டி ஒரு தடவை கூட வழியில நிக்கலை. வண்டிக்கு வயசு குறைஞ்சுதா? இல்லையே, ரெண்டு வயசு கூடியிருக்கு. கிலோமீட்டரும் கூடியிருக்கு. பழசுன்னா நிக்கும்னா இன்னும் அதிகமா நின்னிருக்கணும்ல? நின்னது பழசானதால இல்லை. செய்ய வேண்டியதை முன்னாடி இருந்தவங்க செய்யலை, செய்யலைங்கறதை மறைச்சாங்க, முள் ஏறினதைப் பார்த்தும் நான் ஓட்டினேன். மூணுமே மனுஷன் செஞ்சது.

நானும் யோக்கியன் இல்லை

டீலரைத் திட்டி ஒரு பதிவு போட்டுட்டுப் போயிருக்கலாம். ஆனா அன்னிக்கு வாடிப்பட்டி டீக்கடையில எனக்கு டீலர் முகம் ஞாபகம் வரலை. காலேஜ் ஜூனியர் ஒருத்தன் முகம்தான் வந்துச்சு.

ஃபைனல் இயர் முடிச்சுக் கிளம்புறப்ப என் பைக்கை அவனுக்கு வித்தேன். இன்ஜின் ஆயில் குடிக்கும், கேஸ்கெட்ல கசியும். எனக்கு நல்லாத் தெரியும். காட்டுறதுக்கு முந்தின நாள் ராத்திரி மண்ணெண்ணெய் போட்டுத் தொடைச்சு, ஆயிலை முழுசா ஊத்தி, பளபளன்னு நிறுத்தினேன். மூணு வாரத்துல இன்ஜின் சீஸ் ஆயிடுச்சுன்னு போன் பண்ணினான். அவங்க அப்பாகிட்ட வாங்கிய காசு. நான் என்ன சொன்னேன் தெரியுமா? சிரிச்சுட்டே சொன்னேன், "டேய், செகண்ட் ஹேண்டுன்னா அப்படித்தான்டா இருக்கும்."

அதனால அந்த வாக்கியத்தை யார் எப்ப எதுக்குச் சொல்றாங்கன்னு எனக்கு உள்ளேயிருந்தே தெரியும். ஏமாத்தினவன் ஏமாந்தவனுக்குச் சொல்ற ஆறுதல் அது. வேற ஒண்ணும் இல்லை.

மூணு கட்சிக்காரங்க

இந்த விஷயத்துல நம்ம ஊர்ல மூணு கட்சி இருக்கு.

முதல் கட்சி, "பழசே வாங்காதே, இ.எம்.ஐ. போட்டு புதுசு எடு". 2025 செப்டம்பர் 22லேர்ந்து சின்னக் கார்களுக்கு ஜி.எஸ்.டி. 28-லேர்ந்து 18 சதவீதமா குறைஞ்சதும் இந்தக் கட்சிக்கு பலம் கூடிடுச்சு. சரி, கணக்குப் போடுவோம். 7 லட்சம் கடன், 9 சதவீத வட்டி, 7 வருஷம்னா மாசம் சுமார் 11,260. முதல் மூணு வருஷத்துல கட்டுற 4.05 லட்சத்துல 1.58 லட்சம் வெறும் வட்டி. வண்டியோட மதிப்பு இறங்குறது தனி. என் கதை: 3,10,000 கூட ரிப்பேர் 1,04,000. இப்ப 1,85,000க்குத்தான் போகும்னு வெச்சாலும் மூணு வருஷ நஷ்டம் 2,29,000. மாசத்துக்கு சுமார் 6,360. ஏமாந்ததும் இதுல அடக்கம்! ஏமாறாம இருந்திருந்தா இன்னும் குறைஞ்சிருக்கும்.

இந்தக் கட்சிக்காரங்க சொல்றதுல ஒண்ணு மட்டும் நியாயம், அது பாதுகாப்பு. கார்களுக்கு ஏ.பி.எஸ். கட்டாயம் ஆனது 2019 ஏப்ரல்லேர்ந்து. டிரைவர் ஏர்பேக் 2019 ஜூலையிலேர்ந்து, பக்கத்து சீட்டுக்கும் சேர்த்து 2021 முடிவுக்குள்ள. அதனால முடிஞ்சவங்க அதுக்கு அப்புறம் வந்த வண்டியா பார்த்து வாங்குங்க. இதுல எனக்கு மாற்றுக் கருத்தே இல்லை. ஆனா 2022ல என்கிட்ட இருந்த காசுக்கு என் முன்னாடி இருந்தது ரெண்டே வழி: இந்தக் கார், இல்லைன்னா பஸ். புதுசு எடுன்னு அட்வைஸ் பண்றவங்க யாரும் டவுன் பேமென்ட் கட்ட வர்றதில்லை.

ரெண்டாவது கட்சி, "இந்தக் கம்பெனி வாங்கு, கண்ணை மூடிட்டு ஓட்டலாம்". கண்ணை மூடிட்டு ஓட்டுற கார் உலகத்துல கிடையாது சாமிகளா. எந்தக் கம்பெனி இன்ஜினா இருந்தாலும் அஞ்சு வருஷம் போர் தண்ணி ஊத்தினா துருப்பிடிக்கும். உதிரி பாகம் சுலபமா கிடைக்குமா, உங்க ஊர் மெக்கானிக்குக் கை பழகின வண்டியா, இதுக்கு மட்டும் கம்பெனியைப் பாருங்க. அதுக்கு மேல பழைய வண்டியைப் பொறுத்தவரை ஜாதகம் அந்தத் தனி வண்டிக்குத்தான், கம்பெனிக்கு இல்லை.

மூணாவது கட்சிதான் எனக்குப் பெரிய எதிரி: "ஓடுற வரைக்கும் ஓட்டு, நின்னா தள்ளிவிடு". இவங்கதான் தெர்மோஸ்டாட்டைக் கழட்டி எறியறவங்க. ஏ.பி.எஸ். லைட்டு எரிஞ்சா பல்பைப் பிடுங்குறவங்க. தனக்கு மிச்சம் பண்ணின ரெண்டாயிரத்தை அடுத்தவன் தலையில நாப்பதாயிரமா கட்டிட்டு, "நான் இருந்த வரைக்கும் ஒரு செலவும் வெக்கலைப்பா"ன்னு பெருமை வேற. ஒரு செலவும் வெக்கலைன்னா ஒரு செலவும் செய்யலைன்னு அர்த்தம்!

அரசாங்கத்துக்கு ஒரு கேள்வி

நம்ம நாட்டுல சொந்தக் காருக்கு பதிவு 15 வருஷம் செல்லும். அதைப் புதுப்பிக்கப் போறப்பத்தான் ஆர்.டி.ஓ. ஆபீஸ்ல வண்டியையே பார்ப்பாங்க. நடுவுல புகை சர்டிபிகேட் மட்டும்தான். 15 வருஷத்துல பிரேக் இருக்கா, மீட்டர் எவ்வளவுன்னு எந்த அதிகாரியும் கேட்கப் போறதில்லை. எம்பரிவாகன் ஆப்புல வண்டி நம்பரைத் தட்டினா பதிவுத் தேதி, இன்சூரன்ஸ் எல்லாம் வரும். எத்தனை கிலோமீட்டர் ஓடிச்சுங்கற சரித்திரம் வராது.

பிரிட்டன்ல மூணு வயசுக்கு மேல ஆன காருக்கு வருஷா வருஷம் எம்.ஓ.டி. சோதனை. ஒவ்வொரு சோதனையிலயும் மீட்டர் அளவைப் பதிவு பண்றாங்க. வண்டி நம்பரைத் தெரிஞ்ச யார் வேணும்னாலும் அரசாங்க இணையதளத்துல இலவசமா பார்க்கலாம். அமெரிக்காவுல கைமாறுறப்ப மீட்டர் அளவை எழுதிக் கொடுக்கணும்னு 1972லேயே சட்டம் வந்தாச்சு. ராக்கெட் சயின்ஸ் ஒண்ணும் இல்லை. டேட்டாபேஸ்ல ஒரு காலம் சேர்க்கிற வேலை. புகை சோதனை பண்றப்ப மீட்டரையும் ஏத்தினா முடிஞ்சது.

ஒண்ணுமே செய்யலைன்னும் சொல்ல முடியாது. 2022 டிசம்பர்ல விதியைத் திருத்தி, 2023 ஏப்ரல்லேர்ந்து பழைய கார் டீலர் ஆர்.டி.ஓ.கிட்ட அங்கீகாரம் வாங்கணும், வண்டி டீலர் கைக்கு வந்ததைத் தெரிவிக்கணும்னு கொண்டு வந்தாங்க. நல்ல ஆரம்பம். ஆனா வண்டி யார் கையில இருக்குன்னு தெரிஞ்சா மட்டும் போதுமா? வண்டிக்கு உள்ள என்ன இருக்குன்னு வாங்குறவனுக்கு எப்படித் தெரியும்?

சரி, என்னதான் செய்யறது?

சட்டம் வர்றப்ப வரட்டும். நான் காசு கொடுத்துக் கத்துக்கிட்டது இது:

1. சர்வீஸ் புக் தொலைஞ்சிடுச்சுன்னு சொன்னா, வண்டி நம்பரை வெச்சு கம்பெனி சர்வீஸ் சென்டர்ல கேளுங்க. ஓனரையே கூட்டிட்டுப் போங்க. வர மறுத்தா அதுவே பதில்.

2. இன்ஜின் ஜில்லுன்னு இருக்கிறப்ப போய்ப் பாருங்க. நீங்க போறதுக்கு முன்னாடியே சூடு பண்ணி வெச்சிருந்தா சந்தேகப்படுங்க. ஆறின இன்ஜின்ல ரேடியேட்டர் மூடியைத் திறந்து தண்ணி கலரைப் பாருங்க. சூடா இருக்கிறப்ப திறந்துடாதீங்க, மூஞ்சி வெந்துடும்.

3. மீட்டரை நம்பாதீங்க, தேய்மானத்தை நம்புங்க. 50 ஆயிரம் ஓடின வண்டியோட ஸ்டியரிங் தோல் உரிஞ்சு, பெடல் ரப்பர் வழவழன்னு தேய்ஞ்சிருந்தா எங்கயோ இடிக்குது.

4. சென்னை 2015 டிசம்பரையும் 2023 டிசம்பரையும் பார்த்த ஊர். சென்னை வண்டின்னா சீட் பெல்ட்டைக் கடைசி வரைக்கும் இழுத்துப் பாருங்க, கார்ப்பெட்டைத் தூக்கிப் பாருங்க. சேறு அங்கதான் ஒளிஞ்சிருக்கும்.

5. வெலையில பத்துல ரெண்டு பங்கை முதல் வருஷ ரிப்பேருக்குன்னு தனியா எடுத்து வெச்சுட்டு, மிச்சக் காசுக்கு வண்டி தேடுங்க. ஆயில், கூலண்ட், பிரேக் ஆயில், எல்லா பெல்ட்டும் வாங்கின வாரமே மாத்துங்க. டைமிங் பெல்ட் எப்ப மாத்தினாங்கன்னு தெரியலைன்னா மாத்தலைன்னு வெச்சுக்கோங்க.

6. லைட்டு எரிஞ்சாலோ முள் ஏறினாலோ ஓரமா நிறுத்துங்க. இதை எழுத எனக்கு முழுத் தகுதி இருக்கு.

7. விக்கிறவங்களுக்கு: படிவம் 29, 30 ரெண்டுலயும் வெத்துக் கையெழுத்துப் போட்டுக் கொடுத்துட்டு மறந்துடாதீங்க. 2018ல நவீன் குமார் எதிர் விஜய் குமார் வழக்குல சுப்ரீம் கோர்ட் தெளிவா சொல்லிடுச்சு, ஆர்.சி.யில யார் பேர் இருக்கோ அவர்தான் ஓனர். நீங்க வித்த வண்டி எங்கயாவது மோதினா இழப்பீடு கேட்டு உங்களைத் தேடி வருவாங்க.

8. எல்லாத்துக்கும் மேல, ஒரு ஃபைல். இருபது ரூபாய் பிளாஸ்டிக் ஃபைல் போதும். ஒவ்வொரு பில்லும், என்ன தேதி, எத்தனை கிலோமீட்டர், என்ன மாத்தினீங்கன்னு ஒரு வரியும். விக்கிறப்ப சாவியோட அதையும் கொடுங்க. நல்லதும் கெட்டதும் சேர்த்து.

எங்க வீட்டு ஃபைல்

அப்பா இப்ப நல்லா இருக்கார். செக்கப் வருஷத்துக்கு ரெண்டு தடவைதான். நானும் கொஞ்சம் சேர்த்திருக்கேன், ஏர்பேக் உள்ள வண்டியா பார்க்கலாம்னுதான் இதை விக்கிறேன்.

புரோக்கர் போனப்புறம் ரெண்டு பேர் வந்தாங்க. முதல் ஆள் மீட்டர் கதையைக் கேட்டதும் டீயைக் கூடக் குடிக்காம கிளம்பிட்டார். ரெண்டாவது ஒரு பையன், என் வயசுதான் இருக்கும், நத்தம் பக்கம். சம்சாரம் மாசமா இருக்காங்களாம். ஃபைலை அரை மணி நேரம் புரட்டினான். ஹெட் கேஸ்கெட் பில்லைப் போட்டோ எடுத்துக்கிட்டான். "ஒண்ணு எண்பத்தஞ்சுதான் முடியும்ணே, சனிக்கிழமை என் மெக்கானிக்கைக் கூட்டிட்டு வர்றேன்"னான்.

அன்னிக்கு ராத்திரி வீட்ல சண்டை. "அம்பதாயிரம் போகுதேடா. உன்னை ஏமாத்தினவன் நல்லாத்தானே இருக்கான்? நீ மட்டும் எதுக்கு நஷ்டப்படணும்?" அப்பா ரிட்டையர்டு ஆளு, அம்பதாயிரத்தோட அருமை அவருக்குத்தான் தெரியும். எனக்குப் பதில் வரலை. ஜூனியர் பைக் கதையை அவர்கிட்ட நான் இன்னும் சொன்னதில்லை.

அம்மாதான் பாத்திரம் கழுவிக்கிட்டே கேட்டாங்க, "அந்தப் பையன் எந்த ஆஸ்பத்திரிக்குப் போக வண்டி வாங்குறானாம்?"

"மதுரைக்குத்தானாம்மா."

அப்பா அதுக்கப்புறம் ஒண்ணும் பேசலை. கொஞ்ச நேரம் கழிச்சு உள்ள போய் அவரோட பழைய டைரியை எடுத்துட்டு வந்தார். நடுவுல மடிச்சு வெச்சிருந்த ஒரு பேப்பரை நீட்டினார். வாடிப்பட்டி ரெக்கவரி வண்டிக்காரர் கொடுத்த 3,500 ரூபாய் ரசீது. நான் தொலைஞ்சிடுச்சுன்னு நினைச்சுட்டு இருந்தேன்.

"ஃபைல்ல இது இல்லை பாரு, இதையும் வை"ன்னார்.

வெச்சாச்சு. சனிக்கிழமை அந்தப் பையன் வர்றான்.

டிஸ்கி 1: அந்த ஜூனியர் நம்பரைத் தேடிப் பிடிச்சுட்டேன். பதிவைப் போட்டுட்டு போன் பண்ணப் போறேன். திட்டு வாங்கினா அடுத்த பதிவுல சொல்றேன்.

டிஸ்கி 2: இதைத் தொடர்பதிவா ஆக்கலாமா மக்களே? உங்க பழைய வண்டிக்கு முதல் வருஷம் ஆன செலவையும், நீங்க விக்கிறப்ப எதை மறைச்சீங்கங்கறதையும் எழுதுங்க. ரெண்டாவதை எழுதத்தான் தில் வேணும் :-)